நடுங்கும் காருக்கு நாடி பார்க்க வேண்டும்

பழைய கார் நடுங்கினால் என்ன செய்வது?

"கிரவுன் போய்விட்டது. பின் அச்சைப் பிரிக்க வேண்டும்!"

பல பட்டறைகளில் உடனே கிடைக்கும் பதில் இதுதான்.

கிரவுன் என்பது பின் அச்சின் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரம். அதைப் பிரிப்பது சின்ன வேலை அல்ல. பணம் கரையும். கார் பல நாள் பட்டறையில் கிடக்கும். கடைசியில் கார் வீட்டுக்கு வரும். ஆனால் நடுக்கமும் கூடவே வரும்!

ஏன்? நோய் ஓர் இடத்தில் இருந்தது. மருந்து வேறு இடத்தில் போடப்பட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிக்கும் வேலைக்கும் கார்க்காரர் கூலி கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பணமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

வெளியே பழசு, உள்ளே புதுசு

அம்பாசடர் காரைத் தெரியாதவர்கள் இல்லை. இங்கிலாந்து நாட்டின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பின்பற்றிச் செய்யப்பட்டது அது. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தர்பாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், 1950-களின் கடைசியில் அதன் உற்பத்தி தொடங்கியது. 2014-ல் நின்றது.

மந்திரிகள் அதில் போனார்கள். டாக்டர்கள் போனார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் போனது. வாடகைக் காராக ஊர் ஊராக ஓடியது.

இன்று மிஞ்சியிருக்கும் அம்பாசடர்களைப் பலர் ஆசையோடு வைத்திருக்கிறார்கள். "அப்பா வாங்கிய கார்" என்று விற்க மனம் இல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

இவற்றில் பல கார்கள் பிறந்தபடியே இல்லை. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றியவர்கள் உண்டு. 1990-களில் கம்பெனியே ஜப்பானின் இசுசு என்ஜினையும் 5 கியர் உள்ள கியர் பாக்சையும் பொருத்தி அம்பாசடரை விற்றது. அதைப் பார்த்துத் தங்கள் பழைய காரிலும் அப்படி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அகலமான டயர் போட்டவர்களும், ஸ்பிரிங்கை உயர்த்திக் கட்டியவர்களும் உண்டு.

என்ஜினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அது சட்டம். ஆனால் காருக்குள்ளும் ஒரு சட்டம் இருக்கிறது. அதை மீறினால் கார் நடுங்கும்!

சக்தி போகும் வழி

அம்பாசடரில் என்ஜின் முன்னால் இருக்கிறது. காரைத் தள்ளுவதோ பின் சக்கரங்கள். முன்னால் பிறக்கும் சக்தி பின்னால் போயாக வேண்டும்.

அதைக் கொண்டுபோவது காரின் அடியில் சுழலும் ஒரு நீண்ட இரும்புக் குழாய். அதற்குப் புரப்பல்லர் ஷாப்ட் என்று பெயர். அதன் இரு முனைகளிலும் மடங்கிச் சுழலும் மூட்டுகள் உண்டு. பட்டறையில் அவற்றைக் 'கிராஸ்' என்பார்கள்.

மூட்டு எதற்கு? பள்ளத்திலும் மேட்டிலும் பின் அச்சு ஏறி இறங்கும். மூட்டு இல்லாவிட்டால் ஷாப்ட் முறிந்துவிடும்.

இத்தகைய மூட்டைப் பற்றி இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 17-ம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பவர் அதைக் காருக்கு ஏற்றபடி செய்து, 1903-ல் காப்புரிமை பெற்றார்.

ஷாப்டின் பின் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கிரவுனைச் சுழற்றும். கிரவுனோடு சேர்ந்து இருப்பதுதான் டிபரன்ஷியல்.

டிபரன்ஷியலின் வேலை என்ன? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் கைகோத்துத் திரும்புவதைப் பார்த்தால் புரியும். உள் ஓரத்தில் நிற்கும் பிள்ளை சின்ன அடி வைப்பான். வெளி ஓரத்தில் நிற்பவன் எட்டி எட்டி நடப்பான். அதுபோல, கார் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் வேண்டிய வேகத்தைப் பிரித்துக் கொடுப்பது டிபரன்ஷியல்.

எங்கே கோளாறு பிறக்கிறது?

புதிய என்ஜினும் கியர் பாக்சும் பழைய அளவில் இருப்பதில்லை. ஷாப்டின் நீளம் பொருந்தாது. உடனே லேத் பட்டறையில் ஷாப்டை வெட்டுகிறார்கள். அல்லது துண்டு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். நடுக்கத்தின் விதை பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது.

முதலாவது, எடை. ஷாப்டின் எல்லாப் பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். அதற்காகவே தொழிற்சாலையில் சின்னத் தகடுகளை அதில் ஒட்டவைக்கிறார்கள். வெட்டி ஒட்டிய ஷாப்டை மறுபடியும் மெஷினில் வைத்து பாலன்ஸ் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அது சுழலும்போது காரையே உலுக்கும்.

இரண்டாவது, மூட்டுகளின் நிலை. கிராஸ் மடங்கிச் சுழலும்போது ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும். இரண்டு முறை பிந்தும். முன் கிராஸ் செய்யும் இந்தக் குறும்பைப் பின் கிராஸ் சரிக்கட்டுகிறது. அதற்கு ஷாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே திசையில் நிற்க வேண்டும். வெல்டிங் செய்யும்போது கொஞ்சம் திரும்பிவிட்டால் போதும், சரிக்கட்டுவது கெட்டுவிடும்.

மூன்றாவது, சாய்வு. கியர் பாக்சிலிருந்து வெளியே வரும் தண்டும், பினியன் தண்டும் ஒரே போக்கில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு மூட்டுகளும் ஒரே அளவு மடங்கும். என்ஜினைப் புதிய மவுண்டிங்கில் உயர்த்தி வைத்தாலும், பின் ஸ்பிரிங்கில் கட்டை வைத்தாலும் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

நான்காவது, வேகம். பழைய என்ஜினோடு மெதுவாகப் போன கார் இப்போது பறக்கிறது. ஷாப்ட் முன்பு கண்டிராத வேகத்தில் சுழல்கிறது. நீண்ட, மெல்லிய ஷாப்ட் ஓர் எல்லையைத் தாண்டினால் கயிறுபோல வளைந்து சுழலத் தொடங்கும்.

இவற்றில் எதிலாவது கிரவுனின் குற்றம் உண்டா? இல்லை! ஆனால் பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

காரின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் சுமார் 2 மீட்டர் தூரம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகம் என்பது நொடிக்கு 20 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றும்.

ஷாப்ட் 4 முறை சுற்றினால் சக்கரம் 1 முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால், ஷாப்ட் நொடிக்கு 40 முறை சுற்றும். அதாவது நிமிடத்துக்கு 2,400 சுற்று.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

டயரோ ரிம்மோ கெட்டிருந்தால், நொடிக்கு 10 முறை கார் உலுக்கும். உட்கார்ந்திருப்பவர் குலுங்குவார்.

ஷாப்டின் எடை சமமாக இல்லாவிட்டால், நொடிக்கு 40 முறை அதிரும். அது குலுக்கல் அல்ல. தரைத்தகடு கால் அடியில் 'ஜிவ்' என்று கூசும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும்.

கிராஸின் சாய்வு தப்பியிருந்தால், ஒரு சுற்றுக்கு 2 முறை வீதம், நொடிக்கு 80 முறை அதிரும். அது ரீங்காரம்போல் கேட்கும்.

நடுக்கத்தை எண்ணிக் காட்டும் செயலிகள் இன்று கைபேசியிலேயே உண்டு. அவை மிகத் துல்லியமானவை அல்ல. ஆனாலும் 10-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். டயரா, ஷாப்டா என்ற வழக்கைத் தீர்க்க அது போதும்.

நான்கு சோதனைகள்

முதலில் காசு செலவில்லாத வேலைகளைச் செய்ய வேண்டும். டயரில் காற்று சரியா? எங்காவது புடைத்திருக்கிறதா? சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா? ரிம்மிலோ ஷாப்டிலோ சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா? காய்ந்த சேறுகூடக் காரை நடுங்க வைக்கும்!

பிறகு சோதனைகள்.

ஒன்று: காரை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் என்ஜினை மட்டும் மெல்ல முடுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நடுங்கினால் கோளாறு என்ஜினிலோ, கிளட்சிலோ, மவுண்டிங்கிலோ இருக்கிறது. பின் அச்சுப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டு: எந்த வேகத்தில் நடுங்குகிறதோ அதே வேகத்தில், மேல் கியரிலும் அதற்கு அடுத்த கீழ் கியரிலும் ஓட்ட வேண்டும். இரண்டிலும் அதே வேகத்தில் நடுங்கினால், கோளாறு கியர் பாக்சுக்குப் பின்னால் இருக்கிறது. கியரை மாற்றியதும் நடுங்கும் வேகமும் மாறினால், அது என்ஜின் பக்கம்.

மூன்று: ஆள் இல்லாத நேரான ரோட்டில், நடுங்கும் வேகத்தில் நியூட்ரலுக்கு வர வேண்டும். நடுக்கம் தொடர்ந்தால் சக்கரம் அல்லது ஷாப்ட். நடுக்கம் நின்றால், இழுக்கும்போது மட்டும் வரும் கோளாறு: கிராஸின் சாய்வு, மவுண்டிங், என்ஜின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையின்போது சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தவே கூடாது. ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

நான்கு: ஆக்சிலேட்டரை அழுத்தியும், விட்டும் பார்க்க வேண்டும். எப்போது சத்தம் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒருவர் பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

காரை ஜாக்கியில் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு அடியில் பார்ப்பவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஓட்டினால், டிபரன்ஷியல் காரணமாக அந்தச் சக்கரம் மீட்டர் காட்டும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். தரையில் உள்ள சக்கரம் பிடித்துக்கொண்டால் கார் ஜாக்கியிலிருந்து பாயும்!

டிபரன்ஷியல் பேசும் மொழி

டிபரன்ஷியல் கெடுவதே இல்லையா? கெடும். ஆனால் அது பெரும்பாலும் நடுங்காது, சத்தம் போடும்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளையிட்டு, விட்டதும் அடங்கினால், கிரவுனும் பினியனும் பல்லோடு பல் சரியாகப் பொருந்தவில்லை. விடும்போது ஊளையிட்டாலும் அப்படியே.

அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால், டிபரன்ஷியலின் உள்ளே உள்ள சின்னப் பல்சக்கரங்களையும் சக்கர பேரிங்குகளையும் பார்க்க வேண்டும்.

கார் கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி கேட்டால், முதலில் கிராஸை ஆட்டிப் பார்க்க வேண்டும். தேய்ந்த கிராஸ் மலிவு. கிரவுன் மலிவு அல்ல.

பின் அச்சின் ஆயிலை வடித்துப் பார்ப்பதும் நல்லது. வடிகால் ஆணியில் இரும்புச் செதில்கள் ஒட்டியிருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கலாம். அப்போது பிரிப்பது நியாயம்.

சும்மா பிரித்தால் நஷ்டம்

"எதற்கும் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடலாமே?" என்று சிலர் சொல்வார்கள்.

கூடாது!

கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பிறந்தவை. பல வருஷம் ஒன்றோடு ஒன்று உரசிப் பழகியவை. இரண்டின் பற்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, இரண்டு மூன்று தலைமுடியின் கனம்தான். பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது, அதன் பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்பதற்கும் அளவு உண்டு. அளவுக் கருவி இல்லாமல் பிரித்து மாட்டினால் அந்த ஒழுங்கு போய்விடும். அதுவரை ஊமையாக இருந்த பின் அச்சு அதன் பிறகு ஊளையிடத் தொடங்கும்.

காரின் உற்பத்தி நின்றுவிட்டது. நல்ல உதிரி பாகம் வருஷத்துக்கு வருஷம் அரிதாகிறது. நன்றாக இருந்த ஒரு ஜோடியைக் கெடுப்பது, வீட்டுக் கிணற்றைத் தூர்ப்பதுபோல.

அலட்சியமும் ஆபத்து

பிரிக்கக் கூடாது என்றால், நடுக்கத்தோடு ஓட்டிக்கொண்டே போகலாம் என்று அர்த்தம் அல்ல.

ஓயாமல் நடுங்கும் ஷாப்ட் கிராஸைத் தின்றுவிடும். பேரிங்கைத் தின்றுவிடும். ஒரு நாள் முன் கிராஸ் உடைந்தால், ஷாப்டின் முனை ரோட்டில் விழுந்து குத்தும். ஓடும் காரை அது தூக்கி எறியலாம். பினியன் பேரிங் இறுகினால், பின் சக்கரங்கள் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். காருக்குள் மனைவி மக்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

என்ஜின் மாற்றிய காரில், ஷாப்டுக்கு அடியில் ஓர் இரும்பு வளையம் பொருத்துவது நல்லது. மூட்டு உடைந்தாலும் ஷாப்ட் ரோட்டில் விழாமல் அது தாங்கும்.

அனுபவம் போதாதா?

"பழைய மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார். ஓட்டிப் பார்ப்பதும் எண்ணிப் பார்ப்பதும் எதற்கு?" என்று கேட்கலாம்.

அனுபவம் பெரியதுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு அது போதும். ஆயிரம் கார்கள் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றில் கண்ட கோளாறு மற்றொன்றிலும் இருக்கும்.

மாற்றிக் கட்டிய கார் அப்படி அல்ல. ஒரு என்ஜின் ஒரு காரிலிருந்து வந்தது. கியர் பாக்ஸ் வேறொன்று. ஷாப்டை ஓர் ஊரில் வெட்டினார்கள். ஸ்பிரிங்கை வேறு ஊரில் கட்டினார்கள். அதைப்போல் இன்னொரு கார் உலகத்திலேயே இல்லை! வேறு காரில் பெற்ற அனுபவம் அங்கே வழி காட்டலாம். சில சமயம் வழி தப்பவும் வைக்கலாம். அளந்து பார்ப்பது ஒன்றே நிச்சயம்.

பார்த்ததற்கும் கூலி உண்டு

குற்றம் மெக்கானிக் மேல் மட்டுமா? இல்லை. கார்க்காரர் மேலும் உண்டு.

ஒரு பட்டறையில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

"ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன் சார். கிரவுனில் குறை இல்லை. ஷாப்டில் ஒட்டியிருந்த எடைத் தகடு விழுந்துவிட்டது. பாலன்ஸ் பார்த்தால் போதும்."

"ரொம்ப நல்லது அண்ணே! எவ்வளவு தரவேண்டும்?"

"பார்த்ததற்கு 500 ரூபாய் கொடுங்கள் சார்."

"ஒன்றையும் மாற்றவில்லையே அண்ணே! சும்மா பார்த்ததற்கு 500 ரூபாயா?"

இந்த ஒரு கேள்வி என்ன செய்கிறது தெரியுமா? அடுத்த முறை அந்த மெக்கானிக் ஓட்டிப் பார்க்கமாட்டார். நேராகக் கிரவுனைப் பிரிப்பார். பிரித்தால்தானே கூலி!

டாக்டர் சோதித்துப் பார்த்து, "ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும்" என்றால், அவருக்குப் பணம் கொடுக்காமல் வருகிறோமா? கத்தி எடுக்காத டாக்டருக்குக் கும்பிடு போட்டுக் கொடுக்கிறோம். ஸ்பேனர் எடுக்காத மெக்கானிக்குக் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை.

புதிய கார்களில் கம்ப்யூட்டரை மாட்டினால் பல கோளாறுகள் எழுத்தாக வந்துவிடுகின்றன. பழைய காருக்கு அந்த வசதி இல்லை. அதன் கோளாறு ஒரு மனிதனின் கையிலும் காதிலும்தான் தெரிய வேண்டும். அந்த அறிவுக்கு விலை கொடுக்காவிட்டால், அதைக் கற்றுக்கொள்ள எந்தப் பையனும் பட்டறைக்கு வரமாட்டான்.

ஆகவே, பட்டறைக்குப் போகும் கார்க்காரர் இரண்டு வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

"முதலில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு என்ன கூலியோ வாங்கிக்கொள்ளுங்கள்."

மெக்கானிக்கும் ஒன்று செய்ய வேண்டும். எந்த வேகத்தில் நடுங்கியது, எந்தக் கியரில், எந்தச் சோதனையில் நின்றது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷாப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் அடையாளக் கோடு போட வேண்டும். கழற்றிய நிலையிலேயே திருப்பி மாட்ட வேண்டும்.

எழுதிய தாள் இருந்தால் ஏமாற்றுக்கு இடம் இல்லை. சண்டைக்கும் இடம் இல்லை. அடுத்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பார்த்து வேலை செய்யலாம்.

கிரவுனைப் பிரிப்பது கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும்.